மூடி இல்லாத நிலா லாட்ஜ்

ஆனி 14, செவ்வாய்

ஜெகதாப்பட்டினத்தில் எனக்குப் போட்டியாக ஐஸ் பிளாண்ட் நடத்தும் செல்வராசு, இன்று மகளோடு என் கடைக்கு வந்தான். கட்டடக்கலை படிக்கிறாள். நிலாவில் சுற்றுலாக்காரர்கள் தங்க லாட்ஜ் வரைந்திருக்கிறாள். நாளை போட்டிக்கு அனுப்புகிறாளாம்.

"ஒன் மவன் இன்னும் அரியர்தான் எழுதுறானா?" என்று சிரித்தான்.

படத்தைப் பார்த்தேன். வெக்கையும் குளிரும் தாக்காமல் சுவரைச் சுற்றி நிலா மண்ணைக் கனமாகப் போர்த்தியிருந்தாள். கூரை மட்டும் வெறும் கண்ணாடி. மூடி சரியில்லாத பெட்டியில் ஐஸ் மதியத்துக்குள் தண்ணீராகிவிடும். ஐஸ்காரன் மகளுக்கு அது தெரியவில்லை. அப்பனும் கவனிக்கவில்லை.

"குறை இருந்தாச் சொல்லுங்க மாமா" என்றாள்.

"பிரமாதம்மா" என்றேன்.

என் மகன் வரைந்திருந்தால் அங்கேயே திட்டியிருப்பேன். இப்போதாவது சொல்லலாம். அவள் நம்பர் என்னிடம் இல்லை. செல்வராசிடம்தான் கேட்க வேண்டும்.