காலுக்குத் தெரிந்த வீடு

இன்று காலை அந்தப் பாலைவன வீட்டுக்காரம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். செம்மண் வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஷூக்கள். தங்க வந்தவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. இருந்திருந்தால் உனக்குத்தான் முதலில் காட்டியிருப்பேன்.

வேலை விஷயமாக அந்தப் பாலைவன ஊருக்கு விமானத்தில் போகிறேன் என்றபோது, "உனக்கென்ன விசரே? பறந்துபோய் என்னத்தைப் பாக்கப்போறாய்? காரில போவம், நானும் வாறன்" என்றாய். கிரான்பர்னில் யாருக்கோ குளியலறை டைல் போடும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பினாய். மெல்போர்னிலிருந்து இரண்டு நாள் ஓட்டம். உன் மனைவி கட்டித்தந்த இடியப்பம் முதல் நாளே காலி. பாதிக்கு மேல் தின்றது நீதான்.

குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஊர் அது. ஓரத்தில் அந்த அறுபது வருடத்து வீடு: சிவப்புக் கல் சுவர், இரண்டு பக்கமும் சிறகு தூக்கிய கூரை. கட்டடக்கலை படிப்பவர்கள் தேடிவந்து படமெடுப்பார்கள். ஆனால் வெயில் ஏறினால் வாடகைக்குத் தங்க வருகிறவர்களால் உள்ளே உட்கார முடியாது. ஏசி குழாய்க்காகக் கல் சுவரை இரண்டு இடத்தில் அறுக்கலாமா என்று சொல்லத்தான் பொறியாளராக நான் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டால் மறுநாளே அறுத்துவிடுவார்கள். அந்த அம்மாவின் அப்பா கட்டிய வீடு. சுவரை அறுக்கவும் மனமில்லை, இப்படியே விட்டால் விற்க வேண்டியதுதான் என்றார்.

நான் பூட்ஸோடு அளந்துகொண்டிருந்தேன். நீயோ வாசலிலேயே கழற்றிவிட்டாய்.

"டேய், வேலை நடக்கிற இடம்டா. போட்டுக்கோ. அந்தம்மா முன்னாடி மானத்தை வாங்காதே."

"ஒரு வீட்டுக்குள்ள சப்பாத்தோட போக எனக்குக் கால் வராது மச்சான்."

சொல்லிவிட்டு உலாத்தத் தொடங்கினாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இப்போது உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நிரப்பும்போது கூப்பிட்டாய். "இஞ்ச வா. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா. இந்த இடம் மட்டும் குளிருது."

"சும்மா இருடா, எனக்கு வேலை இருக்கு."

"கால் வைச்சுப் பாரடா எண்டுறன்."

வைத்தேன். ஒரு முழ அகலத்துக்குத் தரை சில்லென்று இருந்தது. நீ குந்தி உட்கார்ந்து வீட்டுச் சாவியால் தட்டினாய். "கேட்டியே? அடியில வெறுமையா இருக்கு." அந்தக் குளிர்ச்சியைக் காலாலேயே பிடித்துக்கொண்டு போனாய். ஒரு முனையில், அலமாரிக்குப் பின்னால், கம்பளம் போட்டு மூடிய கம்பி வலை. மறுமுனை வெளியே, நிழல் பக்கத்தில், பிற்பாடு யாரோ போட்ட மரத்தளத்துக்கு அடியில். காற்றை நிலத்துக்குள் குளிரவைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் வழி அது. அந்த அம்மாவின் அப்பா வைத்தது, மகளுக்கே தெரியவில்லை. பலகைகளைக் கழற்றினோம், கம்பளத்தை உரித்தோம், கூரைக்கடியில் பெயின்ட் ஒட்டிப்போன ஜன்னல்களைத் திறந்தோம். மேலே சூடு வெளியேறக் கீழே காற்று வந்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

சுவர் தப்பியது, வீடும் கை மாறாமல் தப்பியது. நானோ அறிக்கையில் 'ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று எழுதி என் பெயரை மட்டும் போட்டேன். திரும்பும் வழியில் மனசு கேட்காமல் சொன்னேன். "என்ர பேர் எதுக்கடா? பசிக்குது, எங்கையாவது நிப்பாட்டு" என்றாய். அதோடு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வீடு திரும்பிய அன்று, நீ போய்விட்டதையும் அறிக்கையில் உன் பெயரை நான் விட்டுவிட்டதையும் அந்த அம்மாவுக்கு எழுதினேன். வாசலில் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறார். இன்றைய படத்தின் ஓரத்தில் அது தெரிகிறது. இந்த வீட்டின் காற்றுவழியைக் கண்டுபிடித்தவர் என்று உன் பெயர். அதற்குக் கீழே, காலணியைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று ஒரு வரி.

நன்றி மச்சான். இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். போன வாரம் கிளென் வேவர்லியில் ஒரு வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். வீட்டுக்காரர் என் காலைப் பார்த்து முகம் சுளித்தார். எனக்கு வெட்கமாக இல்லை.