உயிரோடிருப்பவனுக்கு அமாவாசை

எர்ணாவூர்
26-8-2025

நர்மதாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பதில்லை. அதனால்தான் பேனா எடுத்தேன். நலமா என்று கேட்கப்போவதில்லை.

ஆடி அமாவாசைக்கு நீ விரதம் இருந்ததாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. போன வாரம் ஆவணி அமாவாசைக்கும் பட்டினி கிடந்து, கடலில் முழுகி, இலையில் படையல் போட்டுக் காக்காவைக் கூப்பிட்டாயாம். உன் அப்பா அம்மா இரண்டு பேரும் மணலி புதுநகரில் நன்றாக இருக்கிறார்கள். புருஷன் உயிரோடிருப்பவள் அமாவாசை இருக்கமாட்டாள் என்று குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் நீ யாருக்குச் சோறு வைத்தாய்?

நேற்று காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் கால் வைத்தேன். லாஞ்சு ஓட்டும் லூர்து அண்ணன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "நான் மாதா கோயிலுக்குப் போறவன்டா, எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா ஆளுங்க ஏற மாட்டேன்றாங்க. ஊட்டுல உனக்குப் படையலே போட்டாச்சு. கடலு உன்னிய மட்டுமா கூப்புடும்? எட்டு பேரையும் சேத்து இட்டுகினு பூடும்" என்றார். இரண்டு லாஞ்சில் கேட்டுவிட்டேன். அங்கேயும் இதே பேச்சு.

மீன்பிடித் தடைக்காலத்தில் நான் உன்னை விட்டு ஷாலு வீட்டுக்கு வந்தது தப்பென்றால் பஞ்சாயத்தில் பேசு. புத்தகம் படித்துப் படித்து இந்த வேலையா கற்றுக்கொண்டாய்?

உயிரோடிருக்கும்
விமல்


திருவொற்றியூர்
4-9-2025

விமல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் அப்பா அம்மாவை நினைவு வைத்திருந்ததற்கு நன்றி. இருவரும் சௌக்கியம்.

விரதம் உங்களுக்குத்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆறு வருடம் நான் இருந்த விரதங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. மாதம் ஒரு கிருத்திகை, இரண்டு சஷ்டி, ஒரு பௌர்ணமி. கடலுக்குப் போனவர் கரைக்கு வர வேண்டும் என்று. வெறும் வயிற்றோடு கன்டெய்னர் யார்டு அலுவலகத்துக்குப் போவேன். மூன்று மணிக்கு மேல் பில்லில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரியும். நீங்கள் வந்து இறங்கியதும் குழம்பு ஆயிற்றா என்பீர்கள். நீ சாப்பிட்டாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நீங்கள் உயிரோடிருக்க நான் பட்டினி கிடந்தது உங்களுக்கே தெரியவில்லை. நீங்கள் இல்லை என்று இரண்டே நாள் கிடந்தேன், காசிமேடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தடைக்காலத்தில் எந்த லாஞ்சும் போகவில்லை. காற்று இல்லை, புயல் இல்லை. கரையில் வைத்தே உங்களைத் தொலைத்தேன். தொலைந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். அடுத்து மகாளய அமாவாசை. அதையும் விடமாட்டேன்.

நர்மதா


எர்ணாவூர்
24-9-2025

நர்மதா,

நான் உயிரோடிருப்பதை ஊர் பார்க்கட்டும் என்றுதான் மகாளய அமாவாசையன்று கடற்கரைக்கு வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, உனக்கு நேராக, உன் இலைக்கு முன்னால் நின்றேன். நீ என்னைத் தாண்டிப் பார்த்துக் காக்காவைக் கூப்பிட்டாய்.

மீன்கார அங்கம்மா சும்மா இருப்பாளா? "இன்னாடா விமலு, உன் பங்கு சோத்த நீயே வாங்கிக்க வந்துட்டியா? காக்கா வர்றதுக்குள்ள துன்னுடு நைனா" என்றாள். கரையே சிரித்தது. இப்போது துறைமுகத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'படையலு' என்கிறார்கள்.

எனக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒரு மாதமாகக் கரையில் உட்கார்ந்து பிறர் வலையைத் தைக்கிறேன். லாஞ்சு கிளம்பும்போது தலை நிமிர்வதில்லை. நீ நிறுத்தினால் லூர்து அண்ணன் ஏற்றிக்கொள்வார்.

உனக்கு வேண்டியது நான்தானே? திரும்பி வந்துவிடுகிறேன். ஷாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்றதும் சொல்லிவிடுகிறேன்.

விமல்


திருவொற்றியூர்
23-10-2025

விமல் அவர்களுக்கு,

வர வேண்டாம். ஷாலுவிடம் எதையும் சொல்லவும் வேண்டாம்.

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். மகாளய அமாவாசையன்று நீங்கள் வந்து நின்றபோது நான் உங்களைப் பார்க்காதது கோபத்தால் அல்ல. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைக்காயை நீங்கள் கேட்கிற மாதிரியே மெல்லிசாக, மிளகு தூக்கலாக வறுத்திருந்தேன். வடை ஓரம் முறுகலாக. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைப்பதுதான் முறை என்று காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீங்கள் எதிரே நிற்க, உங்கள் ருசி இலையில் கிடக்க, என் வயிறு காய்ந்துகொண்டிருந்தது. அப்போது புரிந்தது. நீங்கள் வாழவும் நான்தான் பட்டினி, சாகவும் நான்தான் பட்டினி. இந்த ஏற்பாட்டில் உங்களைப் பழிவாங்கியதாக நினைத்தது என் முட்டாள்தனம்.

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. காலையிலேயே இட்லி சாப்பிட்டேன். மதியம் அங்கம்மா அக்காவிடம் இரண்டு துண்டு வஞ்சிரம் கேட்டேன்.

"இன்னாம்மே, அமாவாசையும் அதுவுமா மீனு?"

"எனக்கு யாரும் சாவலக்கா."

"அப்ப விமலு?"

"அவரு எர்ணாவூர்ல கீறாரு."

அக்கா கூடையை இறக்கி வஞ்சிரத்தை வெட்டிக் கொடுத்தார். கதவைத் திறந்துவைத்து வறுத்தேன். சாயங்காலத்துக்குள் செய்தி துறைமுகம் சேர்ந்திருக்கும். நீங்கள் கடலுக்குப் போகலாம். இதை உங்களுக்காகச் செய்ததாக மட்டும் எண்ண வேண்டாம்.

நர்மதா


எர்ணாவூர்
10-11-2025

அன்புள்ள நர்மதாவுக்கு,

நலம். நலமா?

லூர்து அண்ணன் கூப்பிட்டுவிட்டார். மாதக் கடைசியில் கிளம்புகிறோம், பத்து நாள். வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது, கடல் ஒரு மாதிரி கீது. உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்தத் தடவை பயமாக இருக்கிறது. ஆறு வருடம் பயந்ததே இல்லை. ஏன் என்று இப்போதுதான் யோசித்தேன்.

ஷாலுவிடம் விரதம் இருக்கச் சொன்னேன். "பசி தாங்க மாட்டேன், எனுக்குத் தல சுத்தும், வேணும்னா நீ பட்டினி கெட" என்றுவிட்டாள்.

பெரிய கார்த்திகை வருகிறது. அன்று ஒரு நாள் மட்டும், பழையபடி, எனக்காக இரு. யாருக்கும் தெரிய வேண்டாம். நானும் வெளியே சொல்லமாட்டேன்.

என்றும் உன்
விமல்


திருவொற்றியூர்
14-11-2025

விமல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மதியம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் சாப்பிட்ட பிறகுதான் பிரித்தேன். இனி வருவதைப் பிரிக்கமாட்டேன்.

கார்த்திகையன்று எனக்குப் பசிக்கும். பசித்தால் சாப்பிடுவேன்.

நர்மதா