பாதியில் நிற்கிற குரல்

உத்திரமேரூர்,
சித்திரை மாதம், 1983

அன்பு மகள் தேவகிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. லண்டன் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் சுந்தரவரதர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. ஏரி காய்ந்து அதில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ஊரில் கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை, அப்படியே இருந்திருந்தாலும் உன் தம்பி கோபால் இறந்து வருஷம் திரும்பாமல் நான் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் பந்தலில் போய் நிற்க முடியாது. குழாய் ஸ்பீக்கர் இரண்டும் சாக்கு போட்டு மூடிக் கிடக்கின்றன. உன் அம்மா வேளைக்குச் சாப்பிடுவதில்லை, ஒரு கை கஞ்சி குடித்தால் பெரிசு. வாய் திறந்து பேசுவதையும் விட்டுவிட்டாள். நீ ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பார்க்கிற நர்ஸ், இப்படியே இருந்தால் எவ்வளவு நாள் தாங்குவாள் என்று உனக்குத் தெரியும், அதை எனக்கு எழுத வேண்டாம்.

நீ அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. கூட வேலை பார்க்கும் ஜமைக்காக்காரப் பெண் சில்வியா கொடுத்தது, அவர்கள் ஊர் ரெகே பாட்டு, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். சாவு வீட்டில் பாட்டு வைக்கக் கூடாது என்று கொஞ்ச நாள் அதைத் தொடவில்லை. பிறகு, செட் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், ஓட்டிப் பார்ப்போம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். ஒருவன் பாட ஆரம்பித்தான், இரண்டு சொல்லோடு குரல் அறுந்துவிட்டது, கடைசிச் சொல் மட்டும் கிணற்றுக்குள் கத்தியது போலத் திரும்பத் திரும்பக் கேட்டு ஓய்ந்தது. அப்புறம் கிடாரும் போனது, மேளமும் அடியில் உறுமுகிற பேஸும்தான் மிச்சம். ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று அதைக் கழற்றிப் போட்டேன், பற்றவைப்பெல்லாம் பார்த்தேன், டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், உள்ளே எரிகிற கண்ணாடி வால்வு ஒன்றைக் கூட மாற்றினேன். மறுபடி போட்டால் அதே இடத்தில் அறுந்தது. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்த பிறகுதான் புரிந்தது, இது ரெகேயில் டப் என்கிற வகையாம், டப் என்றாலே இப்படித்தானாம், பாடி முடித்த பாட்டை எடுத்து மிஷின்காரன் வேண்டுமென்றே குரலைத் திறந்து மூடி விளையாடுவதாம். முதலிலேயே ஒழுங்காகப் படித்திருந்தால் ஒரு வால்வு மிச்சமாகியிருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாம் தாளம் தட்டுகிற இடத்தில் தட்டாமல் அந்தக் கிடார் திரும்ப வரும்போதெல்லாம் இடுக்கில் தட்டுகிறது, அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை வருஷமாகப் பந்தல் ஓரத்தில் பீடி குடித்துக்கொண்டு குமிழ் திருகுகிறவனை யாரும் பாட்டுக்காரன் என்று சொன்னதில்லை, அங்கே அவன்தான் பாட்டுக்காரன். சில்வியாவின் அண்ணனும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்குகிற செட்டுக்காரர் என்று எழுதியிருந்தாயே, அவருக்கு என் வணக்கம் சொல். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு இது கேட்கிறதா என்று என்னையே திட்டிக்கொண்டுதான் தினமும் கேட்டேன்.

ஒருநாள் பகலில் உன் பெரியம்மா தாயாரம்மாள் வந்துவிட்டாள். சாவு வூட்ல பாட்டு போட்டுக்கினு கீறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சொல்வது நியாயம்தான், அணைக்கப் போனேன். அப்போது மூலையிலிருந்து உன் அம்மா, வாணாம், வுடு, அவன் இன்னா சொல்ல வந்தான்னு கேக்கணும் என்றாள். அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன். உனக்கு இது தெரியாது தேவகி. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் கோபால் அம்மா என்று கூப்பிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தான், டாக்டர் பார்க்க வந்ததால் இவள் வெளியே நின்றாள், திரும்ப உள்ளே போனபோது அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது தினமும் செட் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். குரல் அறுகிற இடம் வந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவள். அவன முழுசா பாட வுட்டா நான் சோறு துன்றேன் என்கிறாள். வெட்டின குரலை என்னால் ஒட்ட முடியாது என்றால், இன்னாத்துக்குத்தான் நீ செட்டு வச்சிக்கினு கீற என்று கேட்கிறாள்.

அதே பாட்டை முழுசாகப் பாடிய கேசட்டும் உண்டு என்று எழுதியிருந்தாய். அதை அனுப்பு. அனுப்பு என்று எழுதிவிட்டேன், ஆனால் பயமாக இருக்கிறது. அவன் பாடி முடித்துவிடுவான், அது யாரோ ஒரு ஜமைக்காக்காரன் தன் ஊர்க் கஷ்டத்தைப் பாடியதாக இருக்கும், நம் பிள்ளை சொல்ல வந்தது அதில் இருக்காது. அது தெரிந்த பிறகு இவள் என்ன செய்வாள், அந்த ஒரு கை கஞ்சியும் நின்றுவிடுமோ. இப்போதாவது எதற்கோ காத்திருக்கிறாள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை அம்மா.

ராத்திரி டூட்டிக்குப் போகும்போது காதுக்குத் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு இருக்காதே. நீயாவது நீண்ட ஆயுசோடு நல்லபடியாக இருக்க வேண்டும், எங்களுக்கு இனி நீ ஒருத்திதான். ஒன்று மட்டும் மறக்காதே. கேசட்டை என் பெயருக்கு அனுப்பாதே, சொக்கம்மாள் என்று அம்மா பெயரைப் போட்டு அனுப்பு, அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று போஸ்ட்மேன் ராஜாராமிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் கைக்கு வந்தால் நான் ஒளித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தாமோதரன்