மழை ஜன்னல் டாக்டர்

அன்பு அத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நெஞ்சுவலி குறைஞ்சுதா? அம்மா முழங்கால் எப்படி இருக்கு? இங்க வெளிநாட்டுல, உட்லண்ட்ஸ் வீட்டுல நான் சுகம். போன்ல பேசினா குரலே காட்டிக்கொடுத்திடும், அதான் வாட்ஸ்அப்ல எழுதுறேன்.

வேலையில ஒரு வேடிக்கை. வீடியோவில வைத்தியம் பார்க்கிற டாக்டர்களோட பட்டத்தைச் சரிபார்க்கிறதுதானே என் வேலை? ஒரு ஆஸ்பத்திரி சரிபார்த்துட்டா, அடுத்தது அதையே நம்பி ஏத்துக்கும். டாக்டர் ராஜையா இப்படியே பல ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டார். நான்தான் அவர் படிச்ச காலேஜுக்கே போன் போட்டேன். "அவர் இறந்து நாலு வருஷமாச்சேம்மா"ன்னு சொல்லி, போட்டோவும் அனுப்பினாங்க. நேத்து வீடியோவில என்கிட்ட சிரிச்சுப் பேசின அதே முகம். அவருக்குப் பின்னால ஜன்னல்ல மழை. எப்பக் கூப்பிட்டாலும் மழைதான்.

"யாரோ முகத்தைத் திருடியிருப்பான் லா"ன்னு இந்த ஊர்ப் பாணியில இழுத்து மேலதிகாரி அனுப்ரியா சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே என் லேப்டாப்பை மூடி வெச்சாங்க.

யாராவது வந்தா அம்மாவோட போர்வை ஒண்ணு கொடுத்தனுப்புங்க. துவைக்க வேண்டாம்.

அப்புறம் அத்தா, போன வாரம் வீடியோவில உங்களுக்கு மாத்திரை எழுதின டாக்டர். 'இங்க வெயில் கொளுத்துது, அவருக்குப் பின்னால மழை கொட்டுது'ன்னு சிரிச்சீங்களே, அவர் பேர் என்ன?

பஸ் வந்துடுச்சு. அவர் மறுபடி கூப்பிட்டா எடுக்காதீங்க.

உங்க மக,
அஃப்ரீன்