பாட்டுக்கு முன் ஒரு பெயர்

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

"என்னங்க" என்று கூப்பிட இன்று மனம் வரவில்லை.

கணிதத்தில் பள்ளியிலேயே முதலிடம் நம் மகளுக்கு. பரிசளிப்பு விழாவில் அவள் பெயரை அடித்துவிட்டு, இரண்டாவதாக வந்தவளை மேடைக்கு அழைத்தீர்கள். கேட்டால், "நம்ம பொண்ணுக்கே குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்கிறீர்கள். ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளை வாயில் மண் போட்டுவிட்டு, அதற்குத் தாழ்மை என்று பெயர் வேறு!

அவள் அழவில்லை. "அப்பா பாவம், விடும்மா" என்றாள். அதில்தான் என் வயிறு எரிகிறது.

நாளைக் காலை பள்ளி ஜெபக்கூட்டத்தில் நீங்கள் திறக்கப்போகும் வேதாகமப் பக்கத்தில் இதை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பாட எழுந்து நிற்பார்கள்; வழக்கம்போல வாசிக்க நான் ஆர்கன் முன் உட்கார்ந்திருப்பேன். மைக்கில் அவள் பெயரைச் சொல்லுங்கள்.

சொல்லும்வரை ஆர்கன்மேல் என் கை படாது.

உங்கள் தாழ்மையில் பங்கில்லாத
மனைவி