வசந்தியின் மூக்கு, என் நாக்கு

2007 பிப்ரவரி 8, வியாழன்

கடும் பனி. பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் எட்டு மணிக்கும் விளக்கு எரியவிட்டுக்கொண்டு போகின்றன. ஸ்வெட்டரைத் தேடி எடுத்தேன்.

இன்று:
ஒயின் கோப்பைகள் நாற்பத்தெட்டு, நானே துடைக்க. மற்றவர்கள் துடைத்தால் நூல் ஒட்டுகிறது.
ஐஸ் பக்கெட் இரண்டு, கைப்பிடி மாற்ற.
பெங்களூர் ஏஜென்ட் பிரகாஷுக்கு போன்.
ஜி.எம்.மிடம் சொல்ல.

முதல் மூன்றும் ஆயிற்று. நான்காவது மூன்று வாரமாக இதே இடத்தில்.

சிப்காட் பக்கம் ஸ்கூட்டரில் இருந்து விழுந்தது போன மாதம். பின்மண்டையில் ஆறு தையல். தையல் பிரித்த மூன்றாம் நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்திருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி வசந்தி கொல்லையில் இருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். அன்றுதான் தெரிந்தது, எனக்கு வாசனை என்பதே போய்விட்டது. மூக்கு நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம்.

பதினோரு வருடமாக ஓட்டல் பாரில் இருக்கிறேன். இந்த ஓட்டலில் ஒயின் பார்த்து வாங்குவது நான் ஒருவன்தான். மார்ச்சில் பிரெஞ்சுக் கம்பெனியின் புது யூனிட் திறப்பு, நாற்பது பேருக்கு எங்களிடம் விருந்து. இரண்டு ரெட் ஒயின், ஒரு ஷாம்பெயின். தேர்வு செய்ய வேண்டியது மூக்கில்லாத நான்.

பிப்ரவரி 10, சனி

பிரகாஷ் மாதிரி பாட்டில்கள் கொண்டுவந்தார். ரெட் ஆறு, ஷாம்பெயின் இரண்டு. பேரைக் காகிதத்தால் மறைத்து நம்பர் ஒட்டினோம். நல்ல மனிதர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஓசூரில் இது அவருக்கு முதல் ஆர்டர். நான்காம் நம்பரைத் தொட்டுக் காட்டி, "இது நம்ம கையால தேடிப் பிடிச்சது சார், பொறுமையா பாருங்க" என்றார்.

அவர் போனதும் ரெட் ஆறையும் திறந்தேன். கோப்பையில் ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று மட்டும்.

வாயில் வைத்தால் புளிப்பு தெரிகிறது. துவர்ப்பு தெரிகிறது, ஈறு இறுகுகிறது. கனம் தெரிகிறது. ஆனால் ஆறும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, முகம் இல்லாமல்.

ஆறிலும் கொஞ்சம் கொஞ்சம் சின்னச் சீசாக்களில் விளிம்புவரை ஊற்றி மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷாம்பெயினை அப்படிக் கொண்டுவர முடியாது, நுரை போய்விடும். ஏன் கொண்டுவந்தேன் என்று எனக்கே அப்போது தெளிவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

வசந்திக்கு இன்றும் வேலை. பேரிகை பக்கம் ரோஜாத் தோட்டத்தில் தரம் பிரிப்பவள். பதினான்காம் தேதிக்கு வெளிநாடு போகும் கடைசி லோடு. மாலை வந்தபோது விரல் நுனியெல்லாம் முள் கீறல். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். நாளை லீவாம்.

சீசாக்களைப் பார்த்தாள். சமையலறை அலமாரியில் வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

பிப்ரவரி 12, திங்கள்

பனி இல்லை. பத்து மணி. ஒயின் பார்க்க அதுதான் நேரம், சாப்பாட்டுக்கு முன்னால், மூக்கு சுத்தமாக இருக்கும்போது. அதைச் சொன்னதும் வசந்தி தாளிக்க எடுத்த வெங்காயத்தைத் திரும்ப வைத்துவிட்டாள்.

கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளே சொன்னாள்: "குடிக்க மாட்டேன். மோந்து பாக்கறதுல என்னா இருக்குது, குடுங்க."

சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.
1. நாவல்பழம். பென்சில் சீவின வாசனை.
2. மழை பெய்த மண், காளான். அடியில் ரோஜா. "நாங்க அனுப்புற ரோஜா இல்ல, அதுக்கு ஏது வாசம். பன்னீர் ரோஜா."
3. மிளகு. மிளகு மட்டும்.
4. நனைந்த அட்டைப்பெட்டி. தோட்டத்துக் குளிர் அறையில் பெட்டி ஈரமானால் இப்படித்தானாம்.
5. ஜாம் பாட்டில்.
6. இருமல் மருந்து. முகத்தைச் சுளித்தாள்.

ஆச்சரியம். பொர்தோ ஒயினின் பென்சில் வாசனையை நான் பிடிக்க மூன்று வருடம் ஆனது. பர்கண்டி ஒயினின் மண் வாசனையை இவள் பூ பிரிக்கிற வேகத்தில் பிடித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் அவள் சொன்ன பிறகு நான் வாயில் வைத்தேன். ஞாபகத்தில் இருந்து வாசனை எழுந்து வந்து சேர்ந்துகொண்டது போல இருந்தது. உண்மையா, ஆசையா, தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. துவர்ப்பு அதிகம் என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

பாரில் ஜி.எம். தாமோதரன் சாரும் பிரகாஷும் எதிரே. நான் கோப்பையைச் சுழற்றி, முகர்வதுபோல் முகர்ந்து, வசந்தியின் வார்த்தைகளை ஒப்பித்தேன். ஒன்றும் இரண்டும் எடுத்துக்கொள்வோம் என்றேன். நான்காம் நம்பர் வேண்டாம், நனைந்த அட்டை வாசனை.

ஜி.எம். சந்தோஷப்பட்டார். மூக்குன்னா இது மூக்கு என்றார். பிரகாஷ் நான்காம் நம்பர் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. முதல் ஆர்டர் ஆயிற்றே, வாதாடவில்லை. ஷாம்பெயினை ஞாயிறு பார்க்கலாம் என்று முடிவு.



பிப்ரவரி 15, வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே.

நனைந்த அட்டை வாசனை என்றால் கார்க் கெட்டது என்று பொருள். ஒயின் கெட்டது இல்லை. அந்த ஒரு பாட்டிலின் கார்க். இன்னொரு பாட்டில் திறந்தால் நன்றாகவே இருக்கும். இது இந்தத் தொழிலில் முதல் வருடப் பாடம். வசந்தி சொன்ன திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். இன்னொரு பாட்டில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அங்கேயே, இரண்டு பேர் முன்னால், நான் புதிதாக முகர்ந்து சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்து ஒரு நல்ல ஒயினையும் ஒரு நல்ல மனிதரையும் தள்ளிவிட்டேன்.

பிரகாஷ் போன் செய்தார். கோபமே இல்லை. அடுத்த முறை இன்னும் கவனமாகப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றார். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

வசந்தியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கீரையை முறத்தோடு கீழே வைத்தாள்.

"ஒரு பெட்டி நனைஞ்சுதுன்னா நாங்க மத்த பெட்டியெல்லாமா கொட்டறோம்? அந்தாளு பாவம்ங்க."

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றேன்.

"போனா பாத்துக்கலாம். நான் இருக்கறன் இல்ல. நீங்க இப்படி ராவெல்லாம் முழிச்சிட்டுக் கெடக்கறதுதான் எனக்குப் பாக்க முடியல."

முழித்திருப்பது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 17, சனி

ஜி.எம். அறை. பத்தேகால். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். விழுந்தது, நரம்பு, சீசாக்கள், வசந்தி, நான்காம் நம்பர், எல்லாம்.

பேனாவை மூடி வைத்தார். தான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அன்று எனக்கே தெரியாது சார் என்றேன். அதற்கப்புறம் ஒரு மாதம் இருந்ததே என்றார்.

"பொய் சொன்னதுதான் ரவி எனக்கு வருத்தம். மூக்கு போனது உன் தப்பு இல்ல."

பிறகு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்கு உங்க வீட்டுல வருவாங்களா?"

பிரகாஷுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நான்காம் நம்பரில் இன்னொரு பாட்டில் கொண்டுவருகிறேன், அக்காவை வரச் சொல்லுங்கள் என்றார்.

வசந்தி எந்தச் சேலை என்று இரண்டு முறை கேட்டாள். பூ வைக்கலாமா என்று கேட்டாள். அவளே, வேண்டாம், மூக்குக்கு இடைஞ்சல் என்று சொல்லிக்கொண்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

லேசான வெயில். வசந்தி பச்சைச் சேலை. பவுடர் கூடப் போடவில்லை. பார் இன்னும் திறக்கவில்லை, நாங்கள் நான்கு பேர் மட்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

பிரகாஷ் புது பாட்டிலைத் திறந்து ஊற்றினார். வசந்தி கண்ணை மூடி முகர்ந்தாள். இன்னொரு முறை.

"இது அது இல்லீங்க. அட்டை வாசமே இல்ல. கருப்பு திராட்சை, கொஞ்சம் ஏலக்காய், அப்புறம் எங்கண்ணன் புதுசா வாங்குன தோல் செருப்பு."

பிரகாஷ் சிரித்துவிட்டார். நான் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். துவர்ப்பு பட்டு மாதிரி. கனம் சரி, ஆட்டுக்கறிக்குத் தாங்கும். நான்கும் இரண்டும் என்று முடிவாயிற்று. ஒன்றாம் நம்பரை விட்டோம்.

அடுத்து ஷாம்பெயின். முதலாவது: ஆப்பிள் தோல் என்றாள். இரண்டாவது: பேக்கரியில் அடுப்பைத் திறந்ததும் வரும் பன் வாசனை, கூட எலுமிச்சைத் தோல். அவளுக்கு முதலாவதுதான் பிடித்தது. நான் இரண்டாவது என்றேன். குமிழி பொடிசாக, நாக்கில் கடைசிவரை நிற்கிறது, புளிப்பு நேராக இருக்கிறது, சாப்பாட்டோடு போகும். அவள் விடவில்லை. நுரையை முகர்ந்து மூக்கு அரிக்கிறது என்றாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். கண் விரிந்தது. நீங்கள் சொல்வதே சரி என்றாள். ஜி.எம். எழுதிக்கொண்டார்.

என் வேலை: ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை வாங்குவதென்றால் இருவரும் சேர்ந்து வர வேண்டும்.

திரும்பும்போது ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினேன். பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்காமலே, காதோரம் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது கொத்தமல்லிக் கட்டு. இப்போது டீசல். யார் வீட்டிலோ கருவாடு. வெல்டிங் பட்டறை. ராயக்கோட்டைத் தக்காளி லாரி, அடியில் இருப்பது அழுகிவிட்டது. ஈரச் சுண்ணாம்பு, புது வீடு கட்டுகிறார்கள்.

எங்கள் தெருத் திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை. அவளும் ஏன் என்று கேட்காமல் அடுத்த வாசனையைச் சொன்னாள்.