சிவப்புச் சீட்டு எலிகள்

ஜூலை 3, வெள்ளி

காலையில் மழை. செம்பவாங்கில் ரயில் தாமதம். தலைக்குக் குளித்து, அம்மா கப் சாம்பிராணி காட்டி, முடி காய்ந்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது. வெள்ளிக்கிழமை என்றால் இதில் மறுபேச்சே கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் இன்று சிவப்புச் சீட்டு ஒட்டிய கூண்டுகளின் எலிகளுக்கு முறை. திறந்த பெட்டியில் விட்டால் சுற்றித் திரிய வேண்டும். இவை மூலையில் ஒடுங்கிவிட்டன. செவ்வாய்தோறும் வரும் நீலச் சீட்டு எலிகள் அப்படியில்லை, பெட்டி முழுக்க ஊர்வலம். எந்த நிறத்துக்குக் குட்டியாக இருந்தபோது கன்னாபினாய்டு கொடுத்தோம் என்பது டாக்டர் லிம்முக்கு மட்டும்தான் தெரியும், எனக்குத் தெரியக்கூடாது. கஞ்சாவில் இருப்பதைப் போல ஆய்வுக்கென்றே செய்த மருந்து. அலமாரிக்கு இரட்டைப் பூட்டு.

டாக்டர் முகத்தில் சிரிப்பு. அதிலேயே தெரிந்துவிட்டது, சிவப்புதான். இளவயதில் மருந்து, வளர்ந்தபின் பயம்: அவர் எதிர்பார்த்ததே அது. 20ஆம் தேதி கூட்டத்தில் காட்டப் போகிறார். என் ஒப்பந்த நீட்டிப்பும் அதை நம்பித்தான். அப்பாடா.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் நசீர் கிண்டல்: "வெள்ளிக்கிழமை ஆனா உங்க எலிக்கும் பக்தி வந்துடுது லா."

ஜூலை 6, திங்கள்

நல்ல வெயில். நசீரின் கிண்டல் மண்டையைக் குடைகிறது. சிவப்புக்கு எப்போதும் வெள்ளி. கூண்டு கழுவும் நாள் பார்த்து அப்படி முறை வைத்தது நானேதான். பயம் மருந்தாலா, வெள்ளியாலா?

நசீரின் அத்தரோ? ஜும்ஆவுக்குப் போகிறவர். தயங்கித் தயங்கிக் கேட்டேன். பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போதுதான் பூசுவாராம், காலையில் இல்லை. முகம் வாடிவிட்டது. இருந்தாலும் இந்த வாரம் பூசப்போவதில்லை என்றார். கேட்டிருக்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை: பால். அம்மாவின் மூட்டுவலித் தைலம். பேனா.

ஜூலை 10, வெள்ளி

அம்மா பிடோக்கில், அக்கா வீட்டில். நேரம் கழித்து எழுந்து, தலைக்கு ஊற்றாமலே ஓட்டம்.

சிவப்பு எலிகள் நடந்தன! நீலத்தைப் போலவே, நடுப்பெட்டி வரை. அத்தர்தானா? அவர்தான் காலையில் பூசுவதே இல்லையே.

மாலை ரயிலில் ஃபேரர் பார்க்கில் இறங்கினேன், சாம்பிராணி தீர்ந்துவிட்டதென்று அம்மா போனில் சொன்னதால். கடையில் பொட்டலத்தை முகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எலிக்குப் புகை என்றால் தீ. ஆய்வுக்கூடத்தில் போடும் தலையுறையா என் முடியில் தங்கிய வாசனையை அடைக்கும்?

ஜூலை 14, செவ்வாய்

சாம்பிராணி காட்டச் சொன்னதும் அம்மாவுக்கு ஆச்சரியம், பிறகு ஒரே சந்தோஷம். வெள்ளியிலேயே வேண்டாவெறுப்பாக நிற்பவளாம் நான்.

நீலச் சீட்டு எலிகள். எல்லாம் மூலையில்.

நசீரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரியாணி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமாம். நல்ல மனிதர்.

வாயை மூடிக்கொண்டால் 20ஆம் தேதி தாண்டிவிடும். நீட்டிப்பும் வந்துவிடும். எனக்கே பயமாக இருக்கிறது, எலியைவிட.

ஜூலை 15, புதன்

சொல்லிவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை மாதம் எலியின் மூளையை அல்ல, உன் தலைமுடியைத்தான் ஆராய்ந்திருக்கிறோம் என்றார். கூட்டத்தில் இது கிடையாது. எல்லாம் முதலிலிருந்து. நீட்டிப்பைப் பிறகு பார்க்கலாமாம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் நல்ல பசி. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தூறல்.

"ஆடி வெள்ளி அதுவுமா எலிக்குப் பயந்து சாம்பிராணி வேண்டாங்கறியா?"

"எலிதாம்மா பயப்படுது."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் மட்டும் புகை காட்டினார். என் துணிகளை நேற்றே பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார். என்னிடம் சொல்லவே இல்லை.

இனி நிறச் சீட்டு இல்லை, எண்கள். எல்லாக் கூண்டும் கலந்து, நசீர் குலுக்கி எடுத்த வரிசைப்படி. எது மருந்து வாங்கியது என்று சத்தியமாகத் தெரியாது.

பெரும்பாலும் நடந்தன. ஒன்று மட்டும் மூலையை விட்டு அசையவே இல்லை. வெளியே வந்து கையை முகர்ந்தேன். தலையுறையைக் கழற்றி முடியை இழுத்து முகர்ந்தேன். புகை வாசனை துளியும் இல்லை.

உள்ளே போய் அதன் எண்ணுக்கு நேரே எழுதினேன்: மூலை.